வராத டைபாய்டுக்கு ஒரு பூசை

எனக்கு வந்தது காசநோய். டி.பி. என்று சொன்னால்தான் எங்கள் பக்கத்தில் சட்டென்று புரியும். இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் இருக்கிறது. போன வருஷம் இதே வார்த்தையை வாய் திறந்து சொல்ல எனக்குப் பத்து நாள் ஆனது. மருந்து, ஊசி, எக்ஸ்ரே எல்லாவற்றையும் சொல்கிறேன், ஆனால் நோயைவிட என்னைப் பாடாய்ப் படுத்தியது அந்தப் பத்து நாள்தான்.

என் பெயர் செசிலி. வயது நாற்பத்தேழு. செலியமேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் மாதா கோயிலில் பாடகர் குழுவுக்குப் பத்தொன்பது வருஷமாக நான்தான் தலைவி. நல்ல குரல் என்று நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, ஊரும் அதைத்தான் சொல்லும். என் வீட்டுக்காரர் அருள்தாஸ் சொந்தமாக வேன் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். ஒரே பையன், ஓசூரில் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியை நாங்கள் ஐப்பசி மாதமே தொடங்கிவிடுவோம். கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. அதில் என்னைத் தவிரப் பதினான்கு பேர், ஒரு கீபோர்டு, ஒரு தபேலா. ஜன்னல் இரண்டு. அந்த இரண்டையும் இறுக்கிச் சாத்தச் சொன்னவள் நான். அதற்கு முந்தைய வருஷம் யாரோ ஜன்னல் வழியாக எங்கள் புதுப் பாட்டைப் போனில் பதிவு செய்து, கேரல் போட்டியில் அரியாங்குப்பம் பக்கத்துக் குழு எங்களுக்கு முன்னாலேயே மேடையேறி அதே மெட்டில் பாடிவிட்டது. அந்த ஆத்திரம் எனக்கு ஆறவே இல்லை. ‘இந்த வருஷம் ஒரு ஈ காதுலகூட விழக் கூடாது’ என்று சொல்லி, ஜன்னல் இடுக்கில் பழைய துணியைக்கூடச் செருகி வைத்தேன். மழைக்காலம், புழுக்கம், பதினான்கு பேர் மூச்சு. ஒருத்தரும் குறை சொல்லவில்லை. குறை சொன்னால் நான் விடுவேனா?

கீபோர்டு வாசிப்பது ரீட்டா. இருபத்தாறு வயது, பக்கத்துத் தெரு. அவள் மகள் மெர்லினுக்கு அப்போது இரண்டரை வயது. அம்மாவின் கை இரண்டும் கீபோர்டில் இருக்கும் என்பதால் குழந்தை என் மடியில் இருக்கும். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் அவள் உச்சந்தலைக்கு மேலேதான் நான் பாடுவேன். என் வாயையே பார்த்துக்கொண்டு தானும் வாயைத் திறந்து மூடுவாள். சத்தம் வராது.

இருமல் ஐப்பசியிலேயே வந்துவிட்டது. பாட்டுக்காரிக்குத் தொண்டைதானே போகும் என்று அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டு பாடினேன். சாயங்காலமானால் உடம்பு லேசாகக் காயும். ஜாக்கெட் எல்லாம் தொளதொள என்று ஆனபோது, பரவாயில்லை, இளைத்திருக்கிறோம் என்று கண்ணாடி முன் நின்று சந்தோஷப்பட்டேன். என் புத்தியை என்ன சொல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்று சுகாதார நிலையத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. அந்தச் சுவரோரமாகத்தான் நான் தினமும் நடந்து போகிறேன்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை, மேல் சுருதிக்கு ஏறும் இடத்தில் இருமல் முட்டியது. கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்தேன். சிவப்பாக இருந்தது. மெர்லின் அதைத் தொட வந்தாள், கையைத் தட்டிவிட்டேன்.

டவுனில் உள்ள பெரிய கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு அருள்தாஸ் கூட்டிக்கொண்டு போனார். நெஞ்சு நோய்ப் பிரிவில் சீட்டு வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் அறுபது பேர் இருக்கும். அத்தனை பேரும் இருமினார்கள். எனக்கு எதையும் சுருதியாகக் கேட்டே பழக்கம். எதிர் வரிசையில் ஒரு பெரியவர் கீழ் சுருதியில் நீளமாக இருமினார், ஒரு பெண் மேலே துண்டு துண்டாக இருமினாள், நடுவில் என் இருமல் போய்ச் சேர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அருள்தாஸ் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

எக்ஸ்ரேவில் வலது பக்கம் பாதிக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகச் சொன்னார். நுரையீரலைச் சுற்றி மெல்லிய சவ்வு இரண்டு அடுக்காக இருக்கிறதாம். அந்த இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் கோத்திருக்கிறது, அதனால் நுரையீரல் விரிய இடமில்லை, மூச்சு வாங்குகிறது. அன்றைக்கே வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

மறுநாள் தண்ணீரை எடுத்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு, முன்னால் குனிந்திருக்க வேண்டும். முதுகில் மரத்துப்போக ஓர் ஊசி, பிறகு விலா எலும்புகளுக்கு நடுவே பெரிய ஊசி. வலி என்று பெரிதாக இல்லை, உள்ளே யாரோ அழுத்துவது தெரியும். பயம்தான் அதிகம். இருமக் கூடாது என்றார்கள். சொன்ன உடனே இருமல் வந்தது, அதை எப்படி அடக்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை. டீ நிறத்தில் முக்கால் லிட்டருக்கு மேல் வந்தது. அன்றைக்கு மத்தியானம் வெகு நாளைக்குப் பிறகு மூச்சை முழுசாக இழுத்தேன்.

விடிந்ததும் எதுவும் சாப்பிடுவதற்கு முன் சின்ன டப்பாவில் சளி கொடுக்க வேண்டும். அதை ஒரு மிஷினில் வைக்கிறார்கள். சளியில் அந்தக் கிருமி இருக்கிறதா, இருந்தால் வழக்கமான மருந்துக்கு அது அடங்குமா என்று இரண்டையும் அது சொல்லிவிடும். வியாழக்கிழமை டாக்டர் வந்தார். “டி.பி.தாம்மா. மருந்துக்குக் கேக்கற டி.பி. ஆறு மாசம் ஒரு நாள் விடாம மாத்திரை போடணும், அவ்ளோதான். குணமாயிடும்” என்றார். சர்க்கார் மருந்து, கைக்காசு வேண்டாம் என்றும் சொன்னார்.

குணமாயிடும் என்ற வார்த்தை என் காதில் ஏறவே இல்லை. செத்துப்போவேன் என்ற பயமும் வரவில்லை. இனிமேல் நான் வாயைத் திறந்தால் யார் பக்கத்தில் நிற்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் போனதும் அருள்தாஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவர் மாமா ஒருத்தருக்கு இந்த நோய் வந்து, கொல்லையில் தனியாகக் குடிசை போட்டு வைத்திருந்தார்களாம். தட்டைத் தூரத்தில் வைத்துவிட்டு ஓடி வருவதுதான் இவருக்குக் கொடுத்த வேலை. அதைச் சொல்லி முடித்துவிட்டுச் சொன்னார்:

“வேன்ல முப்பது புள்ளைங்க வருது செசிலி. தெரிஞ்சா நாளைக்கே எறக்கிடுவாங்க. டைபாய்டுன்னு சொல்லிக்கலாம்.”

அவர் மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன். நான் உடனே தலையாட்டினேன். ஆட்டியதோடு நிற்கவில்லை. “ரத்தம் இன்னான்னு கேட்டா பல் ஈறுல வந்துச்சுன்னு சொல்லுங்க” என்று எடுத்தும் கொடுத்தேன்.

என் பக்கத்துக் கட்டிலில் கன்னியம்மா அக்கா இருந்தார். அபிஷேகப்பாக்கத்துக்காரர், நடவு வேலைக்குப் போகிறவர். முதல் தடவை மாத்திரை சாப்பிட்டு, மூன்று மாதத்தில் உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டாராம். நோய் திரும்பி வந்துவிட்டது. அந்த அக்காவுக்கு ஒளிவு மறைவு என்பதே கிடையாது. போனில் யார் கூப்பிட்டாலும் வார்டு முழுக்கக் கேட்கச் சொல்வார்: “டி.பி.டா. ஆமா, மறுபடியும். நீ மாத்திரைய நிறுத்தாதன்னு சொன்ன, நான்தான் கேக்கல.” நான் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்து ஹெல்த் விசிட்டர் அம்மா ஒரு நோட்டோடு வந்தார். நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களை எல்லாம் பரிசோதிப்பது அவர் வேலை. இந்தக் கிருமி தொட்டால் ஒட்டாது, தட்டு டம்ளரால் பரவாது, இருமும்போதும் பேசும்போதும் பாடும்போதும் காற்றில் கலந்து, மூடின இடத்தில் கூட இருப்பவர்களுக்குப் போகும் என்று விளக்கினார். பாடும்போதும் என்று அவர் சொன்னபோது ஜெபமாலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டேன்.

“வூட்ல ரெண்டே பேரா? வேற யாரோடயாவது மூடின ரூம்ல ரொம்ப நேரம் உக்காருவீங்களா? சின்னக் கொழந்தைங்க யாராவது?”

“இல்ல மேடம்” என்றேன்.

அருள்தாஸ் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனார். கையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது வேண்டிக்கொள்ள வேண்டும் என்றால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அங்கே உள்ள நோட்டில் வேண்டுதலை எழுதி வைக்க வேண்டும். ஞாயிறு பூசை தொடங்குவதற்கு முன், கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் அதை மைக்கில் வாசிப்பார். கோபுரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் வழியாக ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். யார் பிறந்தநாள், யார் கல்யாணநாள், யார் வீட்டில் யாருக்கு ஆபரேஷன், எல்லாம் ஊருக்கே தெரிவது இப்படித்தான். மாரியம்மன் கோயில் தெருக்காரர்கள்கூட வாசல் தெளித்துக்கொண்டே கேட்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரீட்டா அதைப் பதிவு செய்து போனில் அனுப்பியிருந்தாள். உபதேசியார் குரல் கணீரென்று வந்தது. ‘நமது பாடகர் குழுத் தலைவி செசிலி அவர்கள் டைபாய்டு காய்ச்சலிலிருந்து விரைவில் பூரண குணம் பெற வேண்டி, பாடகர் குழுவினர் ஒப்புக்கொடுக்கும் பூசை.’

கன்னியம்மா அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். “யாருக்கும்மா டைபாய்டு?”

நான் போனைத் தலையணைக்கு அடியில் செருகினேன். அவருக்கே புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்து இருமினார், இருமிவிட்டு மறுபடியும் சிரித்தார். “அய்யே, பாவம் உங்க சாமி. உனக்கு இல்லாத காய்ச்சல எங்க போயித் தேடுவாரு?”

எனக்கும் சிரிப்பு வந்தது. பதினான்கு பேர் முட்டி போட்டு வேண்டியிருக்கிறார்கள், எனக்கு வராத டைபாய்டு சுத்தமாகக் குணமாகிவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டேன். அப்போதும் உண்மையைச் சொல்லத் துணியவில்லை. சொல்ல வேண்டும் என்ற நினைப்பு வரும், வேன் ஞாபகம் வரும், அப்புறம் பார்க்கலாம் என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

புதன்கிழமை மத்தியானம் ரீட்டா போன் செய்தாள்.

“யக்கா, எப்டி கீற? மெர்லினு உன்னக் கேட்டுக்கினே இருக்கா. சரியா சாப்பிட மாட்டேங்கறா. பத்து நாளா இருமலு, சாயங்காலம் ஆனா ஒடம்பு சுடுது. மருந்துக் கடையில சிரப் வாங்கி ஊத்தறேன், கேக்கல. நீ வந்து மடியில வெச்சி ஊட்டுனாத்தான் சரியா வருவா போல.”

சரி ரீட்டா, வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஜெபமாலையை எடுத்தேன். ஐந்து மணி உருட்டுவதற்குள் நின்றுவிட்டது. வாய் சொல்கிறது, மனசு அந்த உச்சந்தலையிலேயே இருக்கிறது.

“இன்னா, மணி நின்னுபோச்சு?” என்றார் கன்னியம்மா அக்கா.

எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். சாத்திய ஜன்னல், மடியில் குழந்தை, ஹெல்த் விசிட்டர் அம்மாவிடம் சொன்ன பொய். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

“நான் மாத்திரைய பாதில வுட்டேன். அது நான் செஞ்ச வேலை, நான் படறேன். அந்தக் கொழந்த இன்னாம்மா செஞ்சுது?” என்றார். பிறகு என் தலைமாட்டில் கிடந்த போனை எடுத்து என் கையில் வைத்தார்.

ரீட்டாவிடம் சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னேன். டைபாய்டு இல்லை, டி.பி., மெர்லினை நாளைக்கே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வா. “எப்ப தெரியும் உனக்கு?” என்று மட்டும் கேட்டாள். போன வியாழக்கிழமை என்றேன். போனை வைத்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல் இருந்திருக்கும்.

ஹெல்த் விசிட்டர் அம்மாவைக் கூப்பிட்டுப் பதினான்கு பெயரையும் குழந்தையின் பெயரையும் கொடுத்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். “இப்பவாவது சொன்னீங்களே. ஆனா நான் போயிக் கூப்பிட்டா எத்தினி பேர் வருவாங்கன்னுதான் தெரியல. டி.பி.ன்னு சொன்னாலே எங்களுக்கு அதெல்லாம் இல்லன்னு கதவைச் சாத்திடுவாங்க” என்றார்.

அது நியாயம்தான். நானே சாத்தினவள்தானே. அவர்கள் வர வேண்டும் என்றால் சொல்ல வேண்டியவள் நான். எங்கே சொல்வது என்பதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பொய்யை எந்த ஸ்பீக்கரில் ஊர் கேட்டதோ அதே ஸ்பீக்கரில்தான் உண்மையும் வர வேண்டும்.

பங்குச்சாமிக்குப் போன் செய்தேன். பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள், அதன் பாதிரியாரை எங்கள் ஊரில் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தயங்கினார்.

“பேர் சொல்லாம, ‘நம்ம பங்கில் ஒரு குடும்பம்’னு வாசிக்கலாமே செசிலிம்மா? உங்களுக்கு ஏன் சங்கடம்?”

“டைபாய்டுக்குப் பேர் போட்டாங்களே சாமி” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “சரி. வழக்கப்படி வீட்டுலேருந்து யாராவது நோட்டுல எழுதட்டும்” என்றார்.

வீட்டிலிருந்து யாராவது என்றால் அருள்தாஸ்தான். சாயங்காலம் கஞ்சியும் துவையலும் கொண்டு வந்தவரிடம் சொன்னேன். ரீட்டாவிடம் சொல்லிவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவருக்கு முகம் செத்துவிட்டது.

“என்ன ஒரு வார்த்த கேட்டியா? வேன் போனா சோத்துக்கு இன்னா பண்ணுவ?”

“மெர்லினுக்கு ஏதாவது ஆனா, அந்தச் சோறு எனக்கு எறங்காதுங்க.”

“ஊருக்கெல்லாம் நீதான் வெளிச்சமா?” என்றார் கோபமாக.

நான் வெள்ளைப் புடவை கட்டி, பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, கண்ணை மூடிப் பாடும்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். கிறிஸ்தவள் என்றால் நாலு பேருக்கு வெளிச்சம் காட்ட வேண்டும் என்று சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். “சனிக்கிழமைக்குள்ள எழுதிடுங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் டிபன் கேரியரை மறந்து வைத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளி, சனியும் வரவில்லை, பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தனிடம் சாப்பாடு கொடுத்தனுப்பினார். எழுதினாரா இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பங்குச்சாமியே தன் போனில் என்னைக் கூப்பிட்டு, அதை மைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். கன்னியம்மா அக்கா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். முதலில் ஒரு பிறந்தநாள். பிறகு ஒரு நினைவு நாள். பிறகு உபதேசியார் தொண்டையைச் செருமினார்.

‘செசிலி அவர்களுக்கு டைபாய்டு என்று நாங்கள் சொன்னது தவறு. அவருக்கு வந்திருப்பது டி.பி. அவர் குணம் பெறவும், அவரோடு மூடிய அறையில் பாட்டுப் பயிற்சி செய்த எல்லோரும் நலமாக இருக்கவும் வேண்டி, அவர் கணவர் அருள்தாஸ் ஒப்புக்கொடுக்கும் பூசை. அவரோடு பாடியவர்கள் அனைவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று செசிலி கேட்டுக்கொள்கிறார். நாளை திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக கோயில் வாசலில் என் வேன் நிற்கும். நான் பரிசோதித்துக்கொண்டேன், எனக்கு இல்லை. பயப்படாமல் வாருங்கள்.’

கடைசி மூன்று வரியை நான் சொல்லவே இல்லை. அருள்தாஸ் தானாக எழுதியது, உபதேசியார் அப்படியே வாசித்துவிட்டார். எந்த வேனுக்காகப் பயந்தாரோ அந்த வேனையே கொண்டு வந்து கோயில் வாசலில் நிறுத்திவிட்டார். நான் கட்டிலில் உட்கார்ந்தபடி ஓவென்று அழுதேன். “ஒன் வூட்டுக்காரன் ஆம்பள” என்றார் கன்னியம்மா அக்கா.

திங்கட்கிழமை நடந்ததை அருள்தாஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு யாரும் இல்லை. ஒன்பதேகாலுக்குத் தபேலா வாசிக்கிற தம்பி வந்தான். பிறகு ஒவ்வொருவராகப் பதினொரு பேர். கிளம்பும்போது மாரியம்மன் கோயில் தெரு செல்வம், கொத்து வேலைக்காரர், வாயில் துண்டை வைத்துக்கொண்டு வேன் ஓரமாக வந்து நின்றாராம்.

“எனக்கு மூணு மாசமா இருமல். நான் உங்க பாட்டுல இல்ல. ஏறலாமா?”

“ஏறுப்பா” என்று அருள்தாஸ் முன் சீட்டைக் காட்டியிருக்கிறார்.

பரிசோதித்துக்கொண்ட பாடகர் குழுவினர் ஒருத்தருக்கும் நோய் இல்லை. ஒரு சிலருக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். செல்வத்துக்கு இருந்தது. ஸ்பீக்கரில் உங்கள் பெயரைக் கேட்டிருக்காவிட்டால் பொங்கல் வரைக்கும் தள்ளிப் போட்டிருப்பேன் என்று பிறகு அவரே சொன்னார்.

மெர்லினுக்கும் இருந்தது.

ரீட்டா வேனுக்குக் காத்திருக்கவில்லை. வியாழக்கிழமையே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சின்னக் குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் விடியற்காலையில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு வயிற்றிலிருந்து எடுத்துப் பார்ப்பார்கள். அந்தக் குழாய் போகும்போது குழந்தை வீறிட்டதை ரீட்டா என்னிடம் சொல்லவில்லை, டாக்டர் சொன்னார். “நெஞ்சுல நெறி கட்டியிருக்கு, அதோட நிக்குது. இந்த வயசுல இது மூளைக்குப் போயிடக்கூட வாய்ப்பு இருக்கு. நல்ல நேரத்துல வந்துட்டாங்க, சரியாயிடும்” என்றும் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் வீட்டுக்கு வந்தேன். கிறிஸ்துமஸ் பூசையில் நான் இல்லாமலேயே குழு பாடியது. கொல்லையில் நாற்காலி போட்டு ஸ்பீக்கர் வழியாகக் கேட்டேன். இரண்டாவது பாட்டில் சுருதி கொஞ்சம் இறங்கியது, மற்றபடி நன்றாகத்தான் இருந்தது. நான் இல்லாவிட்டால் பாட்டே இருக்காது என்ற நினைப்பு அன்றைக்கு ஒழிந்தது. அன்று கேட் மேல் நாலு பை தொங்கியது, கேக்கும் முறுக்கும் அதிரசமும். மாட்டிவிட்டுப் போனவர்கள் யாரும் உள்ளே வரவில்லை. அது வலித்தது. ஆனாலும் பைகளைத் திறந்தபோது சந்தோஷமாகவும் இருந்தது.

ஆறு மாதம் மாத்திரை. முதல் மாதம் குமட்டல். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயந்துவிடாதீர்கள், அது மருந்தின் நிறம். தினமும் காலையில் அருள்தாஸ் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டு வந்து, நான் விழுங்குகிறவரைக்கும் எதிரிலேயே நின்று, காலண்டரில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் வேனை எடுப்பார். வேனிலிருந்து எட்டுப் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. தன் பரிசோதனைச் சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு முன் கண்ணாடியில், மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது எட்டில் ஆறு பேர் திரும்பி வந்தார்கள். கன்னியம்மா அக்காவும் இந்தத் தடவை முழுசாக மாத்திரையை முடித்துவிட்டார். போன் செய்து சொன்னார், இப்போதும் ஊருக்கே கேட்கிற குரலில்தான்.

ஜூனில் கடைசிப் பரிசோதனை. கிருமி இல்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒரு வரி பாடினேன். குரல் கரகரத்தது, பாதியில் மூச்சு வாங்கியது. ஆனாலும் இருமல் வரவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு வரியும் பாடினேன்.

ஆகஸ்டில் குழுவுக்குத் திரும்பினேன். பயிற்சி அறைக்குள் போனதும் முதல் வேலையாக இரண்டு ஜன்னலையும் திறந்து, இடுக்கில் செருகியிருந்த துணியைப் பிடுங்கி எறிந்தேன். ரீட்டா கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். “சுருதி எதுல வைக்கணும்?” என்று மட்டும் கேட்டாள். மெர்லின் தேறியிருந்தாள், கன்னம் உப்பியிருந்தது. ரீட்டாவின் அம்மா அவளை வாசலுக்கு வெளியே வைத்துப் பார்த்துக்கொண்டார். மன்னிப்பு ஒரு தடவை கேட்டிருந்தேன், அதற்கு ரீட்டா, “நீ சொன்னதாலதான் எம்புள்ள பொழச்சா, தெரியும். ஆனா ஒரு வாரம் சொல்லாம இருந்தியே, அதான் இன்னும் எறங்கல” என்று சொல்லியிருந்தாள். அதற்கு மேல் நான் என்ன கேட்க முடியும்?

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் பாட்டு ரகசியமே இல்லை. ஜன்னல் வழியாக வெளியே போய் ஊருக்கே மனப்பாடம். செல்வத்தின் மகன் மாரியம்மன் கோயில் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டே எங்கள் பல்லவியைப் பாடுகிறான். அரியாங்குப்பம் பக்கத்துக் குழுவுக்கும் இந்நேரம் போயிருக்கும். பாடிவிட்டுப் போகட்டும்.

போன சனிக்கிழமை ரீட்டாவின் அம்மா வேறு வேலையாக வெளியூர் போயிருந்தார். ரீட்டா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அறையில் பெண்கள் மட்டும் ஏழு பேர் இருந்தோம். எல்லோரும் கையை நீட்டினார்கள். நான் நீட்டவில்லை, பாட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ரீட்டா நேராக என்னிடம் வந்து நின்றாள்.

“யக்கா, இவளப் புடி. நான் வாசிக்கணும்.”

அவ்வளவுதான் சொன்னாள். மெர்லினை என் மடியில் இறக்கிவிட்டுப் போய் கீபோர்டைத் தொட்டாள். முன்னைக்குக் கனமாக இருந்தாள் மெர்லின். எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள், எனக்குக் குரலே வரவில்லை. குழந்தை அண்ணாந்து என் வாயைப் பார்த்தாள். ஒன்றும் வராததைப் பார்த்து என் மோவாயைத் தட்டினாள்.

“பாடு” என்றாள்.

பாடினேன். மேல் சுருதி வரும் இடத்தில் ஏறினேன், தடுக்கவில்லை. மடியில் அவளும் வாயைத் திறந்தாள், இந்த வருஷம் சத்தம் வந்தது.